தறி ஓய்ந்த வீட்டுக்கு மணிதான் காது

விடியற்காலை நாலரை மணி. கோவை–ஈரோடு பாதையில் சோமனூரைத் தாண்டும் ரயிலின் ஊதல் தோட்டம் வரைக்கும் வருகிறது. திண்ணைக் கட்டிலில் படுத்திருக்கும் பெரியவருக்கு அது கேட்பதில்லை. காலடியில் சுருண்டு கிடக்கும் மணிக்குக் கேட்கிறது. காதை ஒரு முறை ஆட்டிவிட்டு எழுந்து, முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, கட்டில் விளிம்பை மூக்கால் இடிக்கிறது. பெரியவர் எழுந்துகொள்கிறார்.

"ஏனுங்க, எந்திரிச்சாச்சா?" என்று உள்ளேயிருந்து வரும் அம்மாவின் குரலும் அவர் காதில் விழாது. ஆனால் மணியின் தலை வீட்டுப் பக்கம் திரும்புவதைப் பார்த்துவிட்டு, "ஆச்சு அம்மிணி" என்று சரியாகப் பதில் சொல்லிவிடுகிறார்.

பெயர் எதற்கு? சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம் சுற்றுவட்டாரத்தில் தோட்டத்து வீடுகளுக்குப் போனால் இந்த வீட்டைப் பல இடங்களில் பார்க்கலாம். பிள்ளைகள் திருப்பூரிலோ கோவையிலோ வேலையில் இருக்கிறார்கள். வயதான இருவர் மட்டும் தோட்டத்தில். ஒரு மாடு, நாலைந்து வெள்ளாடு, ஒரு நாட்டு நாய். பெயர் பெரும்பாலும் மணிதான். இந்த வட்டாரத்து வீட்டுக்கே உரிய ஒன்று மட்டும் கூடுதலாக உண்டு. அது தறிச் சத்தம் தின்ற காது.

தறிக்குடோனில் போன காது

சோமனூர் வட்டாரத்து விசைத்தறிகள் பெரும்பாலும் கூலிக்கு நெய்பவை. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் காடா துணியாக நெய்து கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவார். வீட்டை ஒட்டியே குடோன் கட்டி, ஏழெட்டுத் தறி போட்டு, கணவன் தறி ஓட்ட, மனைவி தார் சுற்ற, இரண்டு பேருமே முதலாளியாகவும் தொழிலாளியாகவும் இருந்த குடும்பங்கள் இங்கே ஏராளம்.

நாடா இரண்டு பக்கமும் அடித்துத் திரும்பும் பழைய தறிகள் ஓடும் குடோனுக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்று தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன. வீட்டுக் குடோனில் எட்டு மணி நேரத்தோடு யாரும் நிறுத்தியதில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டவர்களும் குறைவு. இப்படி முப்பது, நாற்பது வருடம் நின்றவர்களுக்கு முதலில் போவது மெல்லிய, கூர்மையான ஓசைகள். குருவிச் சத்தம், கைப்பேசி மணி, குக்கர் விசில், பேரன் பேத்தியின் குரல் என்று ஒவ்வொன்றாகத் தேயும். உள்காதின் நுண்ணிய செல்கள் ஒரு முறை அழிந்தால் திரும்ப வளர்வதில்லை. அதனால் போன காது போனதுதான்.

தறிக்காரருக்கு மாதச் சம்பளக்காரரைப்போல ஓய்வு பெறும் தேதி கிடையாது. கூலி கட்டாத அன்றைக்குத்தான் ஓய்வு. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கூலி உயர்வு கைக்கு வராததால் 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் நின்றன. 2023-இல் விசைத்தறிக்கு இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்ந்தது கொஞ்சம் மூச்சு கொடுத்தது. 2025 மார்ச் 19 முதல் மறுபடியும் ஒரு மாதம் தறிகள் ஓடவில்லை. முடிவில் சோமனூர் ரகத்துக்கு 15 விழுக்காடும், மற்ற ரகங்களுக்கு 10 விழுக்காடும் கூலி உயர்ந்தது. அதற்குள்ளாகவே பல குடும்பங்கள் தறியை எடைக்குப் போட்டுவிட்டன. இரும்பு போன பிறகு காலியான குடோனில் இன்றைக்கு ஆடு கட்டியிருக்கிறார்கள். தறி நின்ற இடத்தில் போட்ட காரைத் திட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. மணி மத்தியானம் படுப்பது அந்தக் காரைமேல்தான். குளிர்ச்சியாக இருக்கும்.

குரைப்பில் வித்தியாசம் உண்டு

மனிதக் காது எட்டும் ஓசையின் உச்சம் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். நாய்க்கு அது 45,000 வரை போகிறது. அதனால் இந்த வீட்டில் பெரியவர் பார்ப்பது வாசலை அல்ல, நாயை.

வாலை ஆட்டிக்கொண்டு இரண்டு குரைப்போடு நிறுத்தினால் வருவது பால் சொசைட்டிக்காரரோ பக்கத்துத் தோட்டத்துக்காரரோ. நிறுத்தாமல் குரைத்துக்கொண்டே படலுக்கும் வாசலுக்கும் ஓடினால் முகம் தெரியாத ஆள். ஒரே இடத்தைப் பார்த்தபடி முன்னால் போவதும் பின்னால் துள்ளுவதுமாக இருந்தால் பாம்பாக இருக்கலாம். கட்டுத்தறிப் பக்கம் ஓடிப்போய்க் குரைத்தால் மாடு கயிற்றில் சிக்கியிருக்கும். இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கும் பாடம் இல்லை. கூடவே இருந்து பார்த்துப் பழகியவர்களுக்கு அவரவர் நாயின் மொழி தெரியும்.

காது மந்தமானவர்கள் உள்ள வீட்டில் நாயை வளர்ப்பதில் இதற்காகவே ஒரு பழக்கம் தேவை. நாய் ஏதாவது சொல்ல வரும்போது, "சும்மா கெட" என்று அதட்டக் கூடாது. எழுந்து வந்து என்னவென்று பார்த்துவிட்டு, தலையைத் தடவி, "சரி, போ" என்று சொல்ல வேண்டும். சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த நாய் அடுத்த முறையும் வந்து சொல்லும். பத்து முறை அதட்டு வாங்கிய நாய் பதினொன்றாவது முறை படுத்துக்கொள்ளும்.

அதே நேரத்தில் நாய் இருக்கிறது என்று காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் செவித்திறனை அளந்து சொல்வார்கள். தகுதியுள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் காதொலிக் கருவி விலையின்றிக் கிடைக்கிறது. கருவியை மாட்டினால் மணியின் குரைப்பும் தெளிவாகக் கேட்கும். பேத்தியின் பேச்சும் கேட்கும்.

நாயோடு நகரும் நாள்

அம்மா மாட்டைக் கறக்க, பெரியவர் தூக்குவாளியோடு சொசைட்டிக்கு நடக்க, மணி வண்டித் தடம் முடியும் இடம் வரைக்கும் கூட வரும். அங்கே நின்றுவிடும். தார் ரோட்டில் ஏறாது. குட்டியாக இருந்தபோதே அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பழக்கியது. சோமனூர் ரோட்டில் லாரியும் பனியன் கம்பெனி வேனும் போகும் வேகத்தில் அந்தப் பழக்கம் இல்லாத நாய்கள் நிலைப்பதில்லை.

திரும்பி வந்ததும் அம்மா மூவருக்குமாகச் சோறு போடுவார். மணிக்கு உப்பு, காரம் இல்லாத சோறு. அதில் மோரோ, வாரம் இரண்டு மூன்று நாள் முட்டையோ, வேகவைத்த கோழிக் கழிவோ சேரும். கம்பு, ராகிக் களி கிண்டும் நாளில் அதுவும் உண்டு. குழம்புச் சோறு மட்டும் கிடையாது. கொங்கு வீட்டுக் குழம்பு என்றால் சின்ன வெங்காயம் இல்லாமல் இருக்காது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, தொடர்ந்து கொடுத்தால் சோகை வரவைக்கும். மிச்சக் குழம்பை ஊற்றுவது அன்பு போலத் தெரியும். அது நாய்க்கு ஆகாது. வேகவைத்த எலும்பும் வேண்டாம். அது ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும்.

பத்து மணிக்கு ஆடு அவிழ்த்தால் மாலை வரைக்கும் மணிக்கு வேலை. ஆட்டை மேய்ப்பதற்கு அது படித்த நாய் இல்லை. ஆட்டுக்கும் புதருக்கும் நடுவில் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த அவ்வளவே போதும். ஆடு திரும்பும்வரை அம்மாவும் வேம்படியில் உட்கார்ந்திருப்பார். மூட்டு வலிக்காரர் தினம் இத்தனை தூரம் நடப்பதற்கும் அந்த ஆடும் நாயும்தான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை மகன் குடும்பம் வரும். "அப்பாரு, மணியக் குளிப்பாட்டலாம் வாங்க" என்று பேரன் குழாயைப் பிடிக்க, வாசல் முழுக்கச் சேறாகும். சாயங்காலம் கிளம்பும்போது மகன் வழக்கமான பேச்சை எடுப்பார். "எதுக்குங்கப்பா இந்தக் காட்டுக்குள்ள தனியா? எங்களோட வந்துருங்க." திருப்பூரில் வாடகை வீட்டில் நாய்க்கு இடமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பெரியவர் மணியைப் பார்ப்பார். அம்மா ஆட்டைப் பார்ப்பார். பேச்சு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும்.

பயம் பொய் இல்லை

மகனின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் வயதான கணவன், மனைவி, மகன் மூவரும் கொலையானார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதி கொலையானது தெரியவந்தது. அதற்குப் பிறகு கொங்கு மண்டலத்தில் தோட்டத்து வீட்டில் பெற்றோரை விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் எந்தப் பிள்ளையும் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது.

நாய் இருந்தால் இதெல்லாம் நடக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நாய் பூட்டு அல்ல. மயக்க மருந்து கலந்த கறியைப் போட்டால் தின்றுவிடும் நாய்தான் அதிகம். நாய் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: உள்ளே இருப்பவருக்கு முன்கூட்டியே கொஞ்ச நேரம் கொடுப்பது. அந்த நேரத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

அதற்கு வீட்டில் சில ஏற்பாடுகள் வேண்டும். ராத்திரி நாய் தொடர்ந்து குரைத்தால் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. உள்ளிருந்தே வெளி விளக்கைப் போடும் சுவிட்ச் கட்டிலுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் எண் கைப்பேசியில் முதலாவதாக இருக்கட்டும். காவல்துறைக்கு 100 அல்லது 112. முதியோர் உதவி எண் 14567. வெளியூர் போகும்போது உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம். நாயை வெளியார் கையால் தின்னாமல் பழக்குவதும் முடியும். வீட்டார் வைக்கும் தட்டில் மட்டும், வீட்டார் சொன்ன பிறகு மட்டும் தின்ன வேண்டும் என்று குட்டியிலேயே பழக்கினால் பெரும்பாலான நாய் கற்றுக்கொள்ளும்.

ஒரு நாள் வழக்கத்துக்கு மாறாக நாய் குரைக்கவே இல்லை, சோர்ந்து படுத்திருக்கிறது, வாயில் நுரை வருகிறது என்றால் இரண்டு காரியம் உடனே நடக்க வேண்டும். நாய்க்கு மருத்துவர், வீட்டுக்குத் துணைக்கு ஆள்.

தெருநாய்க் கூட்டமும் தோட்டத்து நாயும்

இன்னொரு எதிரி மணியின் இனத்திலேயே இருக்கிறது. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பட்டியில் புகுந்த தெருநாய்கள் ஒரே இரவில் ஆடுகளைக் கடித்துக் கொன்ற செய்திகள் வாசகர்களுக்குப் புதிதல்ல. இழப்பீடு கேட்டு இறந்த ஆடுகளோடு விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். 2025-இல் தமிழக அரசு இழப்பீடு அறிவித்தது. ஆடு ஒன்றுக்கு 6,000 ரூபாய், மாட்டுக்கு 37,500 ரூபாய். இறந்த ஆட்டை உடனே புதைத்துவிட்டால் கணக்கு காட்ட முடியாது. புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லி, பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்கிய பிறகே புதைக்க வேண்டும்.

கூட்டமாக வரும் நாய்களை ஒற்றை மணி அடித்து விரட்டிவிடாது. சண்டைக்குப் போனால் அதுவும் கடிபடும். அதனால் ராத்திரியில் ஆடு குடோனுக்குள். கதவு சாத்தியிருக்க வேண்டும். மணி வெளியே. அது கூப்பிடும், மனிதர் விளக்கைப் போட வேண்டும். இப்படி இரண்டு பேரும் சேர்ந்தால்தான் காவல்.

ஒரு வகையில் பார்த்தால் தெருநாய்ப் பிரச்சினையின் ஒரு நுனி தோட்டத்து வீடுகளிலும் இருக்கிறது. பெண் குட்டி பிறந்தால் சாக்கில் கட்டி ரோட்டோரம் விட்டுவிட்டு வரும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. பெண் நாய் வருடத்தில் இரண்டு முறை வரை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். இன்றைக்கு ரோட்டில் விடும் குட்டி ஒரு வருடத்துக்குள் தாயாகி, அதன் கூட்டம்தான் நாளைக்கு நம் பட்டிக்கு வரும். வீட்டு நாய்க்கு, ஆணோ பெண்ணோ, கருத்தடை செய்துகொள்வது பக்கத்துத் தோட்டத்து ஆட்டையும் காப்பாற்றும்.

கல்லில் நிற்கும் நாய்

கால்நடையைக் காத்த நாயைத் தமிழர் மறக்கவில்லை என்பதற்குச் சாட்சி திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் கிடைத்த நடுகல். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. மாடு பிடிக்க வந்தவர்களோடு நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் இறந்தான். அவனுடைய நாய் கோவிவன் கள்ளர் இருவரைக் கடித்து, அவனருகே காவல் நின்றது. வீரனோடு நாயையும் கல்லில் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி வைத்தார்கள். மன்னர் பெயர் எழுதிய அதே கல்லில் நாயின் பெயரும் இருக்கிறது. ஆயிரத்து நானூறு வருடம் ஆகியும் தோட்டத்து நாயின் வேலை மாறவில்லை.

காவலுக்குக் கூலி

கூலிக்கு நெய்தவர்களுக்குக் கூலியின் அருமை தெரியும். மணிக்கும் ஒரு கூலி உண்டு. சோறு மட்டும் அல்ல.

முதலில் வெறிநோய்த் தடுப்பூசி. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஒரு ஊக்க ஊசி, பிறகு வருடம் ஒன்று. பொங்கலுக்கு முன் என்றோ ஆடி பிறந்ததும் என்றோ ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் மறக்காது. பார்வோ, டிஸ்டம்பர் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். கிராமத்தில் குட்டிகள் இரத்தக் கழிச்சலில் சாவதற்குப் பெரும்பாலும் பார்வோதான் காரணம்.

அடுத்தது குடற்புழு நீக்கம். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஆடு வளர்ப்பவர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். நாயின் குடலில் உள்ள சில நாடாப்புழுக்களின் முட்டை புல்லோடு ஆட்டுக்குள் போய், மூளையில் நீர்க்கட்டியாக வளரும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும். அந்த ஆட்டின் தலையையோ, கட்டியுள்ள ஈரல், நுரையீரலையோ பச்சையாக நாய்க்குப் போட்டால் புழு மறுபடி நாய்க்குள் போகும். வேறு ஒரு வகை நாடாப்புழு மனிதர் ஈரலிலும் கட்டி உண்டாக்கும். ஆட்டுக் கழிவை வேகவைக்காமல் நாய்க்குப் போடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். நாயைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே சோற்றில் கை வைக்க வேண்டும்.

மூன்றாவது, வயதானவர்களுக்கான எச்சரிக்கை. அறுபது, எழுபது வயதில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் பலரையும் படுக்கையில் தள்ளுகிறது. நாய்க் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது; பிடித்துக்கொள்ள மட்டும் வேண்டும். இருட்டில் எழும்போது நாய் எங்கே படுத்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே காலை ஊன்ற வேண்டும். பாய்ந்து மேலே ஏறும் பழக்கத்தைக் குட்டியிலேயே நிறுத்திவிட வேண்டும்.

சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நாயைக் கட்டிப்போட்டால் செத்துப்போகும். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைக் குறைக்கும். நிழலும், கவிழாத தொட்டியில் தண்ணீரும் நாள் முழுக்க வேண்டும்.

மணிக்குப் பிறகு, நமக்குப் பிறகு

மணிக்கு இப்போது எட்டு வயது. நாட்டு நாய் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து முதல் பதினான்கு வருடம் இருக்கும். பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு பேருக்கும் சேர்ந்து வயதாகிறது. மணியின் முகவாயில் நரை தெரிகிறது. ரயில் ஊதும்போது காது ஆடுவது சில நாள் கொஞ்சம் தாமதமாகிறது. வயதானால் நாய்க்கும் காது மந்தமாகும்.

இந்த வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத கேள்வி இதுதான். முதலில் மணி போனால் பெரியவருக்குக் காது யார்? முதலில் பெரியவர் போனால் மணிக்குச் சோறு யார்?

முதல் கேள்விக்கு, இந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களின் வழக்கத்திலேயே பதில் இருக்கிறது. பெரிய நாய் திடமாக இருக்கும்போதே ஒரு குட்டியை எடுத்துவந்து விடுவார்கள். யாரைப் பார்த்துக் குரைப்பது, எந்தத் தடத்தில் நிற்பது, ஆட்டை எப்படித் தொடாமல் இருப்பது என்பதைப் பெரியதைப் பார்த்தே குட்டி பாதி கற்றுக்கொள்ளும். மணிக்கு எட்டு வயது என்றால் அதற்குச் சரியான நேரம் இதுதான்.

இரண்டாவது கேள்விக்குப் பதிலைக் குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டும். காட்டை யாருக்கு, வீட்டை யாருக்கு என்று பேசும்போது நாயை யாருக்கு என்பதையும் ஒரு வார்த்தை பேசிவிடலாம். ஆளைத் தேடிப் பிடித்து அன்றைக்கு ஒப்படைப்பதைவிட, இப்போதே பக்கத்துத் தோட்டத்துக்காரர் கையால் வாரம் ஒரு முறை சோறு வைக்கச் செய்து பழக்கினால், ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்க நேர்ந்தாலும் மணி பட்டினி கிடக்காது. தடுப்பூசி அட்டை, எந்தெந்த நாளில் என்ன மருந்து என்று எழுதிய தாள் இரண்டையும் ரேஷன் அட்டையோடு வைத்துவிட்டால் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பொழுது சாய்கிறது. சாமளாபுரம் குளத்துப் பக்கமிருந்து கொக்குகள் திரும்புகின்றன. ஆடு குடோனுக்குள் போய்விட்டது. பெரியவர் கட்டிலைத் திண்ணையில் இழுத்துப் போடுகிறார். அம்மா தட்டைக் கீழே வைத்து, "தின்னு சாமி" என்கிறார். மணி முதலில் தடத்தைப் பார்க்கிறது, பிறகு வேலியைப் பார்க்கிறது, அதன் பிறகுதான் தட்டைப் பார்க்கிறது.

வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீட்டு நாய், தடுப்பூசி போட்டதுதான். விளையாட்டில் பேத்தியின் கையில் பல் பட்டுவிட்டது. ஊசி வேண்டுமா?

பதில்: முதலில் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், நாயின் தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள். ஊசி வேண்டுமா, எத்தனை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தொடங்கிய ஊசியை நடுவில் நிறுத்தக் கூடாது. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிது. வருமுன் தடுக்கும் வழி கையில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசிக்குப் பணம் இல்லை.

கேள்வி: தெருநாய் கடித்த ஆடு பிழைத்துவிட்டது. அப்படியே விடலாமா?

பதில்: விடக் கூடாது. மனிதருக்குச் சொன்னதுபோலவே காயத்தைச் சோப்பால் கழுவி (கையுறை போட்டுக்கொள்ளுங்கள்), உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடிபட்ட கால்நடைக்கும் கடித்த நாளிலிருந்து குறிப்பிட்ட இடைவெளிகளில் வெறிநோய்த் தடுப்பூசி தொடராகப் போட வேண்டும். ஆட்டைத் தனியாகக் கட்டி, கவனித்து வாருங்கள்.

கேள்வி: நாய் உடம்பெல்லாம் உண்ணி. பருத்திக்கு வாங்கிய பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறது. கலந்து தெளிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. நாய் உடம்பை நக்கும். மருந்து வயிற்றுக்குள் போய்ச் சாகும். தடவியவருக்கும் ஆபத்து. உண்ணிக்கென்றே நாய்க்கான மருந்துகள் உண்டு. மருத்துவரிடம் எடையைச் சொல்லி வாங்குங்கள். படுக்கும் இடம், சுவர் இடுக்கு எல்லாவற்றையும் சேர்த்துச் சுத்தம் செய்தால்தான் உண்ணி ஓயும். உண்ணி கடித்த நாய்க்குக் காய்ச்சல், சோர்வு, மூக்கில் இரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: நாய்க்குக் காய்ச்சல் வந்தால் நாங்கள் சாப்பிடும் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பாராசிட்டமால், வலி மாத்திரைகள் நாயின் ஈரலையும் குடலையும் கெடுக்கும். வயதானவர்களால் நாயைத் தூக்கிக்கொண்டு போக முடியாவிட்டால், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.